ஷேக்ஸ்பியரின் உயில்: குடும்பத்துக்கு எவ்வளவு, ஊர் ஏழைகளுக்கு எவ்வளவு?

கேள்வி இதுதான்: "ஷேக்ஸ்பியர் அவ்வளவு சொத்து வைத்திருந்தும் மனைவிக்கு ஒரு கட்டிலையும் ஊர் ஏழைகளுக்கு 10 பவுண்டையும் மட்டும்தான் எழுதி வைத்தாராமே, உண்மையா? அந்தக் கால இங்கிலாந்தில் வசதியான மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான் உயில் எழுதினார்களா?"

கட்டிலும் உண்மை, 10 பவுண்டும் உண்மை. ஆனால் மூன்று தாள் நீளமுள்ள ஓர் ஆவணத்திலிருந்து இந்த இரண்டு வரிகளை மட்டும் பிடுங்கி எடுத்து ஒரு மனிதரின் மனதை அளக்க முடியாது. முழு உயிலையும் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார். அவர் நாடகக்காரர் அல்ல. நிலம் சிதறக் கூடாது, மருமகன் கையில் பணம் போகக் கூடாது என்று கவலைப்படுகிற, வார்விக்‌ஷயர் பக்கத்து நிலச்சொந்தக்காரர். அந்த ஆளாகப் பார்த்தால்தான் கட்டிலும் புரியும், 10 பவுண்டும் புரியும்.

முதலில் அவர் என்ன வைத்திருந்தார் என்று பார்த்துவிடலாம். 1596-இல் அவருடைய தந்தை ஜானுக்குக் குலச்சின்னம் வழங்கப்பட்டது. அதன் வழியாக மகனும் கனவான் அந்தஸ்துக்கு உரியவரானார். 1597-இல் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் நியூ பிளேஸ் என்ற பெரிய வீட்டை வாங்கினார். 1602-இல் கோம்ப் குடும்பத்தாரிடமிருந்து 107 ஏக்கர் நிலத்தை 320 பவுண்டுக்கு வாங்கினார். 1605-இல் 440 பவுண்டு போட்டு, அக்கம்பக்கத்து ஊர்களின் தசமபாக வருமானத்தில் (விளைச்சலில் பத்தில் ஒன்றாகக் கோயிலுக்கென்று வசூலித்தது) ஒரு பங்கைக் குத்தகையாக எடுத்தார். தந்தை வழியில் ஹென்லி தெருவில் வீடுகள் வந்தன. 1613-இல் லண்டனில் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் ஒரு வாயில்வீட்டை 140 பவுண்டுக்கு வாங்கினார். அன்று ஸ்ட்ராட்ஃபோர்டு இலக்கணப்பள்ளி ஆசிரியருக்கு வருடச் சம்பளம் 20 பவுண்டு. கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உயிலில் அவர் தன்னை வார்விக் மாவட்டத்து ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த கனவான் என்றே குறிப்பிடுகிறார். நாடகம் பற்றி ஒரு சொல் இல்லை, புத்தகம் பற்றியும் இல்லை. உடல்நலமும் நினைவும் நன்றாக இருப்பதாகத் தொடக்கத்தில் இருக்கிறது. அது அந்தக் காலத்து உயில்களில் வழக்கமாக வரும் வாசகம். உயிலின் தேதி 1616 மார்ச் 25. அவர் இறந்தது ஏப்ரல் 23.

தேதியைச் சொல்லும்போதே ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. தாளில் முதலில் எழுதியிருப்பது ஜனவரி. அதை அடித்துவிட்டு மார்ச் என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த இரண்டு மாத இடைவெளியில் என்ன நடந்தது என்பதில்தான் முதல் தாளின் விளக்கம் முழுவதும் இருக்கிறது.

இளைய மகள் ஜூடித்துக்கு அப்போது 31 வயது. பிப்ரவரி 10-ஆம் தேதி தாமஸ் குவைனி என்பவரை மணந்தார். ஈஸ்டருக்கு முன்னால் வரும், திருமணம் கூடாத தவக்காலப் பருவத்தில், அதற்கான சிறப்பு அனுமதி இல்லாமல் நடந்த திருமணம் அது. அந்தக் குற்றத்துக்காகக் குவைனி சபை நீக்கம் செய்யப்பட்டார். அதைவிடப் பெரியது பின்னால் வந்தது. மார்கரெட் வீலர் என்ற பெண் குவைனியின் குழந்தையைச் சுமந்திருந்தார். பிரசவத்தில் தாயும் சேயும் இறந்தார்கள். மார்ச் 15-ஆம் தேதி இருவரையும் அடக்கம் செய்தார்கள். மார்ச் 26-ஆம் தேதி குவைனி திருச்சபை நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். உயிலில் இருக்கும் தேதி அதற்கு முந்தின நாள். குவைனிக்கு விதித்த தண்டனை, மூன்று ஞாயிறு வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு கோயிலில் எல்லோர் முன்னும் நிற்பது. அப்புறம் அதைக் குறைத்து, ஏழைகளுக்கு 5 ஷில்லிங் கொடுத்து, பாதிரியார் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் போதும் என்று முடித்துவிட்டார்கள். இறந்துபோன ஒரு பெண்ணையும் ஒரு குழந்தையையும் நினைத்தால் அந்த 5 ஷில்லிங் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

இப்போது உயிலின் முதல் தாளைப் பாருங்கள். ஜூடித்துக்கான பகுதி தொடங்கும் இடத்தில் எழுத்தர் முதலில் மருமகனுக்கு என்று எழுதத் தொடங்கியிருக்கிறார். அந்தச் சொற்களை அடித்துவிட்டு, அதே இடத்தில் மகள் ஜூடித் என்று போட்டிருக்கிறார். குவைனியின் பெயர் உயிலில் எங்கேயும் வரவே இல்லை.

ஜூடித்துக்கு 100 பவுண்டு சீதனம். ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதமானால் பவுண்டுக்கு 2 ஷில்லிங் வீதம், அதாவது நூற்றுக்குப் பத்து, வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரோவிங்டன் பண்ணைக்கு உட்பட்ட ஒரு சிறிய வீட்டின் மீது தனக்குள்ள உரிமையை அக்கா சூசன்னாவுக்கு விட்டுக்கொடுத்தால் இன்னும் 50 பவுண்டு. இதற்கு மேலும் ஒரு 150 பவுண்டு இருக்கிறது. உயில் தேதியிலிருந்து மூன்று வருடம் கழித்து ஜூடித்தோ அவருடைய பிள்ளைகளோ உயிருடன் இருந்தால் அது அவர்களுக்கு. ஆனால் ஜூடித் கணவனோடு வாழும்வரை அந்த முதல் அவர் கைக்கே வராது. வட்டி மட்டும் வரும். அதே மதிப்புள்ள நிலத்தை மனைவி பேருக்கும் பிள்ளைகள் பேருக்கும் உறுதிப்படுத்தித் தருகிற கணவனுக்குத்தான் அந்த 150 பவுண்டு.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அன்றைய ஆங்கிலச் சட்டம் தெரிய வேண்டும். மணமான பெண்ணின் கைக்கு வரும் ரொக்கம் சட்டப்படி கணவனுடையது. மகளுக்குக் கொடுத்தேன் என்று தந்தை நினைத்துக்கொண்டிருக்கலாம், மறுநாளே அது மருமகனின் கடனுக்கோ குடிக்கோ போய்விடலாம். சட்டத்தை மாற்ற ஒரு தந்தையால் முடியாது. சட்டம் பிடிக்காத இடத்தில் பணத்தை நிறுத்தி வைக்க முடியும். அதைத்தான் ஷேக்ஸ்பியர் செய்தார். இந்த உயிலில் அக்கறை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன். வரிக்கு வரி யோசித்து எழுதியிருக்கிறது.

சூசன்னாவுக்குப் போனது நிலம் முழுவதும். நியூ பிளேஸ், ஹென்லி தெரு வீடுகள், 107 ஏக்கர், லண்டன் வீடு எல்லாம் மூத்த மகளுக்கு. அவருக்குப் பின் அவருடைய முதல் மகனுக்கும் அந்த மகனின் ஆண் வாரிசுகளுக்கும். அவன் இல்லையென்றால் இரண்டாவது மகன், மூன்றாவது மகன் என்று ஏழாவது மகன் வரை எண்ணிக்கொண்டே போகிறது உயில். யாரும் இல்லையென்றால் பேத்தி எலிசபெத்தின் ஆண் வாரிசுகள், அதுவும் இல்லையென்றால் ஜூடித்தின் ஆண் வாரிசுகள். அந்தச் சமயத்தில் சூசன்னாவுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை, எட்டு வயது எலிசபெத். பிறக்காத ஏழு பையன்களுக்கு உயிலில் இடம் இருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் ஒரே மகன் ஹாம்னெட், ஜூடித்தின் இரட்டை, 1596 ஆகஸ்டில் 11 வயதில் இறந்துபோனான். அந்த வரிசையைப் படிக்கும்போது எனக்கு அவன்தான் நினைவுக்கு வருகிறான். ஆனால் இதை ஒரு தந்தையின் துக்கம் என்று மட்டும் படித்துவிடக் கூடாது. நிலத்தைத் துண்டு போடாமல் ஒரே கையில், ஆண் வழியில் கொண்டுபோவது அன்றைய நிலக்கிழார் குடும்பங்களின் பொதுவான வழக்கம். நிலம் பிரிந்தால் அந்தஸ்து போய்விடும். குலச்சின்னம் பெற்று இருபதே வருடமான ஒரு குடும்பத்துக்கு அந்தப் பயம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

சரி, கட்டிலுக்கு வருவோம். மூன்றாவது தாளில், வரிகளுக்கு நடுவே பிற்பாடு செருகிய ஒரு வரி: வீட்டிலுள்ள இரண்டாம்தரக் கட்டிலும் அதைச் சேர்ந்த சாமான்களும் மனைவிக்கு. மனைவியின் பெயர்கூட இல்லை. ஆன் ஹாத்வேயைப் பற்றி உயிலில் இருப்பது இவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அந்தக் காலக் கட்டில் நான்கு தூண், கூரை, திரைச்சீலை, மெத்தை, தலையணை, விரிப்பு எல்லாம் சேர்ந்தது. வீட்டுச் சாமான்களில் விலை உயர்ந்தவற்றில் ஒன்று அது. உயில்களில் கட்டிலைத் தனியாகக் குறிப்பிடுவது சர்வசாதாரணம். வீட்டின் முதல்தரக் கட்டில் விருந்தாளிகளுக்கு, அல்லது வீட்டோடு சேர்த்து வாரிசுக்குப் போகும். தம்பதிகள் படுத்தது பெரும்பாலும் மற்றதில்தான். இரண்டு, கணவன் இறந்தால் அவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கின் வருமானம் ஆயுள் முழுக்க விதவைக்கு உண்டு என்பது ஆங்கிலப் பொதுச் சட்டம். அதை உயிலில் எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதாததால் ஆனுக்கு ஒன்றுமில்லை என்று ஆகாது. அதோடு உயிலை நிறைவேற்றும் பொறுப்பு சூசன்னாவுக்கும் அவருடைய கணவர், மருத்துவர் ஜான் ஹாலுக்கும். சொந்த மகளின் வீட்டில்தான் தாய் இருக்கப்போகிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு இந்த வரி அன்பில்லாததாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் கூட்டாளியாக இருந்த அகஸ்டின் பிலிப்ஸ் 1605-இல் எழுதிய உயிலில் தன் மனைவியையே உயிலை நிறைவேற்றுபவராக நியமித்தார். மறுமணம் செய்துகொண்டால் அந்தப் பொறுப்பு கையை விட்டுப் போகும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். அது கடுமையான நிபந்தனைதான், ஆனாலும் வீட்டுப் பொறுப்பு மனைவி கையில் இருந்தது. ஷேக்ஸ்பியர் அதைச் செய்யவில்லை. பாசமான ஒரு அடைமொழியும் இல்லை. அந்தக் கால உயில்களில் என் அன்பு மனைவி என்று எழுதுவது ஒரு செலவும் இல்லாத வழக்கம். லண்டன் வீட்டை வாங்கியபோது மூன்று நண்பர்களை அறங்காவலர்களாகச் சேர்த்துப் பத்திரம் எழுதினார். அப்படி எழுதினால் அந்த வீட்டில் விதவையின் மூன்றில் ஒரு பங்கு ஏறாது. மனைவியைப் பட்டினி போட்டார் என்று சொல்வது தவறு. மனைவியை நம்பிச் சொத்தைக் கையில் கொடுக்கவில்லை என்பது சரி. ஆன் 1623 ஆகஸ்டு வரை வாழ்ந்தார்.

தங்கை ஜோனுக்குச் செய்தது நன்றாக இருக்கிறது. 20 பவுண்டு ரொக்கம், தன்னுடைய உடைகள் எல்லாம், ஹென்லி தெருவில் அவர் குடியிருந்த வீட்டில் ஆயுள் முழுக்க இருக்கும் உரிமை. வாடகை வருடத்துக்கு 12 பென்ஸ், அதாவது பெயருக்கு ஒரு வாடகை. ஜோனின் மூன்று பையன்களுக்கும் தலைக்கு 5 பவுண்டு. அந்த மூவரில் ஒருவனின் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பையனின் பெயர் தாமஸ். உயில் எழுதியபோது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை போலும், பிறகு நிரப்பவும் இல்லை. ஜோனின் கணவர் தொப்பி செய்பவர். அவரை அடக்கம் செய்தது ஏப்ரல் 17. ஆறு நாள் கழித்து அண்ணன் போய்விட்டார். அந்த வாரத்தில் அந்த வீடும் 20 பவுண்டும் ஜோனுக்கு எவ்வளவு பெரிய ஆதாரமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் 1646 வரை உயிரோடு இருந்தார்.

நண்பர்கள் பகுதியை விரைவாகவே கடந்துவிடலாம். ஊர் நண்பர்கள் நால்வருக்கும், நாடகக் குழுவினரான ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் ஆகிய மூவருக்கும் தலைக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். அவர்களில் பெரும்பாலோருக்கு அது நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள. ஞானமகன் வில்லியம் வாக்கருக்கு 20 ஷில்லிங் தங்கமாக. வெள்ளிப் பாத்திரங்கள் பேத்தி எலிசபெத்துக்கு, பொன்முலாம் பூசிய அகலமான கிண்ணம் மட்டும் ஜூடித்துக்கு. வாள் தாமஸ் கோம்புக்கு. இந்த கோம்ப் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

இப்போது ஏழைகள். ஸ்ட்ராட்ஃபோர்டு ஏழைகளுக்கு 10 பவுண்டு. ஒரே வரி. யார் பிரித்துக் கொடுப்பது, எப்போது, எந்த ஏழைகளுக்கு என்று எதுவும் இல்லை. முன்னே சொன்ன அகஸ்டின் பிலிப்ஸ் மோர்ட்லேக் பாரிஷ் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) ஏழைகளுக்கு 5 பவுண்டு எழுதியபோது, கோயில் பொறுப்பாளர்கள் ஒரு வருடத்துக்குள் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சேர்த்து எழுதினார். ஜூடித்தின் பணத்துக்கு அத்தனை பூட்டுப் போட்ட ஷேக்ஸ்பியர், ஏழைகளின் பணத்துக்கு அந்த ஒரு வரியைக்கூடச் சேர்க்கவில்லை.

ஏன் எல்லோரும் ஏழைகளுக்கு ஏதாவது எழுதினார்கள் என்பதற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெப நூலில், நோயாளியைப் பார்க்கப் போகும் பாதிரியாருக்கு ஒரு கட்டளை இருந்தது: ஏழைகளிடம் தாராளமாக இருக்கும்படி நோயாளியை ஊக்கமாகத் தூண்ட மறக்கக் கூடாது. இங்கிலாந்துத் திருச்சபை கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தத்துக்கு முன்பு பணக்காரர்கள் தங்கள் ஆன்மாவுக்காகப் பூசை சொல்லப் பணம் விட்டுப் போனார்கள். 1547-இல் அந்த அறக்கட்டளைகளை அரசு ஒழித்துவிட்டது. அதன் பிறகு இறக்கப்போகிறவரின் தருமம் போய்ச் சேர மிச்சமிருந்த முக்கிய வழிகளில் ஒன்று ஏழைகள். சட்டமும் இருந்தது. 1598, 1601 ஏழைகள் சட்டங்களின்படி ஒவ்வொரு பாரிஷும் வரி வசூலித்துத் தன் ஏழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வரியின் பாரத்தைச் சுமப்பது நிலம் வைத்திருப்பவர்கள். ஆக, உயிலில் ஏழைகளுக்கு எழுதுவது பக்தி, வழக்கம், ஊர் மரியாதை மூன்றும் சேர்ந்தது.

10 பவுண்டு என்றால் எவ்வளவு? ஒரு கூலியாளுக்கு 300 நாள் கூலி. பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஊரின் நிலைமையோடு வைத்துப் பாருங்கள். 1614 ஜூலை 9-ஆம் தேதி ஸ்ட்ராட்ஃபோர்டில் பெரிய தீ விபத்து, 54 வீடுகள் எரிந்துபோயின. 1594-லும் 1595-லும் ஏற்கெனவே தீப்பிடித்த ஊர் அது. அந்தச் சமயத்தில் நகர மன்றம், உதவியை நம்பி வாழும் ஏழைகள் எங்கள் ஊரில் 700 பேர் இருக்கிறார்கள் என்று முறையிட்டது. 10 பவுண்டை அந்த 700 பேருக்கும் பிரித்தால் தலைக்கு மூன்றரை பென்ஸ்கூட வராது. அரை நாள் கூலிக்கும் குறைவு. உயிலில் ரொக்கமாக எழுதியதை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 370 பவுண்டு வருகிறது. அதில் ஏழைகளின் பங்கு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. நிலத்தைச் சேர்த்தால் அந்தப் பங்கு கண்ணுக்கே தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே ஊரில் இரண்டு உயில்கள் இருக்கின்றன. எனக்கு ஷேக்ஸ்பியரின் உயிலைவிட இவை இரண்டும் நெருக்கமானவை.

முதலாவது தாமஸ் விட்டிங்டனுடையது. அவர் ஆனின் தந்தை வீட்டில் ஆடு மேய்த்தவர். 1601-இல் எழுதிய உயிலில் ஸ்ட்ராட்ஃபோர்டு ஏழைகளுக்கு 40 ஷில்லிங் விட்டுப் போனார். அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதினார்: வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆனிடம் இருக்கிறது, எனக்கு வர வேண்டிய கடன், அதை ஷேக்ஸ்பியர் என் உயிலை நிறைவேற்றுபவரிடம் கொடுக்க வேண்டும். 40 ஷில்லிங் என்பது 60 நாள் கூலி. ஓர் இடையர் 2 பவுண்டு கொடுக்கிறார். 107 ஏக்கரும் ஐந்தாறு வீடுகளும் வைத்திருந்தவர் 10 பவுண்டு கொடுக்கிறார். யாருடையது பெரிய தருமம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதோடு, ஆனின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சில தடயங்களில் இதுவும் ஒன்று. தந்தை வீட்டு இடையரின் சேமிப்பு ஆனின் கையில் இருந்திருக்கிறது. அவர் நம்பிக் கொடுத்து வைத்தாரா, ஆன் கடனாக வாங்கினாரா என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய உறவு திருமணமாகிப் பல வருடம் கழித்தும் அறுந்துபோகவில்லை என்று சொல்கிறது.

இரண்டாவது ஜான் கோம்புடையது. ஊரிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர், திருமணமாகாதவர், வட்டிக்கு விடுபவர் என்று பெயர் எடுத்தவர். 1602-இல் ஷேக்ஸ்பியருக்கு நிலம் விற்றவர்களில் ஒருவர். தன் உயிலில் ஷேக்ஸ்பியருக்கு 5 பவுண்டு எழுதினார். அவர் இறந்தது 1614 ஜூலை 10, ஊர் எரிந்ததற்கு மறுநாள். ஸ்ட்ராட்ஃபோர்டு கோயிலில் அவருடைய கல்லறைச் சிலை இருக்கிறது. அதற்கே 60 பவுண்டு ஒதுக்கியிருந்தார். அவருடைய தருமங்களின் பட்டியலை அங்கே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஏழைகளுக்கு நேரடியாக 20 பவுண்டு. வருடா வருடம் பத்து ஏழைகளுக்குப் பத்து அங்கிகள் வாங்க 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். கோயிலில் இரண்டு பிரசங்கங்களுக்கு 20 ஷில்லிங். அப்புறம் 100 பவுண்டு கடன் நிதி. அதை ஊரிலுள்ள 15 ஏழைத் தொழிலாளிகளுக்கு, கைவினைஞர்களுக்கு, சிறு வியாபாரிகளுக்குக் கடனாகக் கொடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாற வேண்டும், வேறு 15 பேருக்குப் போக வேண்டும். மொத்தத்துக்கும் வருடத்துக்கு 50 ஷில்லிங் வட்டி. அந்த வட்டியும் ஊர்த் தரும விடுதியில் இருக்கும் வயதான ஏழைகளுக்கே.

கணக்குப் போட்டால் ஒருவருக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் கடன், வருடத்துக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் வட்டி. அதாவது நூற்றுக்கு இரண்டரை. அன்று சட்டம் அனுமதித்த உச்ச வட்டி நூற்றுக்குப் பத்து. ஒரு நெசவாளிக்கோ செருப்புத் தைப்பவருக்கோ நூலும் தோலும் வாங்க முதல் இல்லாமல்தான் தொழில் படுத்துவிடுகிறது என்று வட்டிக்கு விட்டுப் பழகியவருக்குத் தெரிந்திருக்கும். பிச்சையாகக் கொடுத்தால் ஒரு வாரத்தில் தீரும் பணத்தை, ஊரில் சுற்றிக்கொண்டே இருக்கும்படி அமைத்தார். திருப்பிச் செலுத்துபவர் அடுத்தவருக்கு வழிவிடுகிறார், இடையில் வரும் வட்டி வேலை செய்ய முடியாதவர்களுக்குச் சாப்பாடு போடுகிறது. ஜூடித்தின் பணத்தைப் பாதுகாக்க ஷேக்ஸ்பியர் எவ்வளவு யோசித்தாரோ அவ்வளவு யோசனையை கோம்ப் ஊர் ஏழைகளுக்காகச் செலவிட்டிருக்கிறார்.

அதற்காக கோம்ப் குடும்பத்தையே தூக்கிவைத்துப் பேச முடியாது. ஜான் கோம்ப் இறந்த சில மாதங்களிலேயே, அவருடைய அண்ணன்தம்பி வழிப் பையன் வில்லியம் கோம்ப், ஊருக்கு வெளியே வெல்கோம்பில் இருந்த கூட்டு வயல்களை வேலி போட்டு அடைத்து ஆட்டு மேய்ச்சலாக்கப் பார்த்தார். உழவு போனால் வேலை போகும், தானியம் குறையும், ஏழைகள் இன்னும் பெருகுவார்கள் என்று நகர மன்றம் எதிர்த்து நின்றது. 700 ஏழைகள் என்ற கணக்கு அந்தப் போராட்டத்தின்போது வந்ததுதான். கோம்பின் ஆட்கள் வெட்டிய நீளமான பள்ளத்தை ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்தும் பிஷப்டனிலிருந்தும் போன பெண்களும் குழந்தைகளும் மண்ணைத் தள்ளி மூடினார்கள். 1615 மார்ச்சில் வார்விக் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் அடைப்புக்குத் தடை விதித்தார்.

ஷேக்ஸ்பியர் அந்தச் சண்டையில் என்ன செய்தார்? 1614 அக்டோபரிலேயே அடைப்புக்காரர்களின் ஆளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அடைப்பால் தன் தசமபாக வருமானம் குறைந்தால் நஷ்டஈடு வர வேண்டும் என்பதுதான் அது. தன் பங்கைக் காப்பாற்றிக்கொண்டார். பள்ளத்தை மூடப் போனவர்களோடு நின்றதற்கு ஒரு தடயமும் இல்லை. உயிலில் அவருடைய வாள் போனது வில்லியம் கோம்பின் தம்பி தாமஸ் கோம்புக்கு. இதை வைத்து அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் எந்தப் பக்கத்து மனிதராக வாழ்ந்தார் என்பது இதில் தெரிகிறது. 10 பவுண்டு வரியையும் அந்தப் பக்கத்திலிருந்து எழுதிய வரியாகவே படிக்கிறேன்: தன் தகுதிக்கு ஊர் எதிர்பார்ப்பதைக் கொடுத்தார், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, எல்லோரும் இப்படித்தான் எழுதினார்களா என்பதற்கு, இந்த ஓர் ஊரே பதில் சொல்கிறது. ஆன்மாவைக் கடவுளிடம் ஒப்படைப்பது, நிலத்தை ஒரே வாரிசுக்கு விடுவது, இளைய பிள்ளைகளுக்கு ரொக்கம், நண்பர்களுக்கு மோதிரம், ஏழைகளுக்கு ஒரு தொகை என்ற சட்டகம் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. அதற்குள் மனைவிக்கு எவ்வளவு இடம், ஏழைகளுக்கு எவ்வளவு யோசனை என்பது ஆளுக்கு ஆள் மாறியது.

அவ்வளவு கவனமாகக் கட்டிய ஆண் வாரிசு ஏற்பாடு என்ன ஆனது என்றும் கேட்பீர்கள். சூசன்னாவுக்கு மகன் பிறக்கவில்லை. ஜூடித்துக்கு மூன்று மகன்கள். ஒருவன் 1617-இல் கைக்குழந்தையாகவே இறந்தான். மற்ற இருவரும் 1639-இல் ஒரே ஆண்டில் போனார்கள். பேத்தி எலிசபெத் இரண்டு முறை மணந்தும் பிள்ளை இல்லாமல் 1670-இல் இறந்தார். அவரோடு நேர் வாரிசு முடிந்தது. நியூ பிளேஸ் விற்பனையாகி வேறு கைகளுக்குப் போனது, பிற்பாடு அதைப் புதிதாகக் கட்டினார்கள், 1759-இல் அப்போதைய சொந்தக்காரர் அந்தப் புது வீட்டையும் இடித்தே விட்டார். ஹென்லி தெரு வீட்டை எலிசபெத் தன் உயிலில் ஜோனின் பேரன் வழிக்கு எழுதினார். 12 பென்ஸ் வாடகைக்கு இருந்த தங்கையின் பரம்பரையிடம் அது 1806 வரை இருந்தது. 1847-இல் பொதுமக்கள் நிதி திரட்டி 3,000 பவுண்டுக்கு அதை வாங்கினார்கள். இன்று ஸ்ட்ராட்ஃபோர்டு போகிறவர்கள் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு என்று பார்ப்பது அதைத்தான்.

மூல உயில் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதன் படங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. பார்க்கிறவர்கள் நேராக மூன்றாவது தாளுக்குப் போய்க் கட்டில் வரியைத் தேடுகிறார்கள். நீங்கள் முதல் தாளிலிருந்து, மருமகன் என்ற சொல்லை அடித்திருக்கும் இடத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.